ஏக்கர் கணக்கில் அடங்காத பூங்கா

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடக்கும்போது திசை தப்பிவிட்டால், அருகிலுள்ள விளக்குக் கம்பத்தைப் பார்த்தால் போதும். கம்பத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அருகிலிருக்கும் குறுக்குத் தெருவைச் சுட்டும். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் நிற்கிறோம், இரட்டைப்படை என்றால் கிழக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பொருள். 7542 என்றிருந்தால் 75-ஆம் தெருவுக்கு நேராக, கிழக்கோரம். இந்தக் கணக்கு தெரியாத ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அந்தக் கம்பங்களைக் கடந்து போகிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது எண்ணைவிட அந்த எண் தேவைப்பட்ட சூழ்நிலைதான். அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போன்ற தெருக்கள் கொண்ட ஒரு நகரத்தின் நடுவில், 843 ஏக்கர் பரப்புள்ள நீள்சதுரத்துக்குள், ஒருவருக்கு எப்படித் திசை தப்பும்?

தப்ப வேண்டும் என்றுதான் அது அமைக்கப்பட்டது. 1858-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்ற ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும், உள்ளே வருபவருக்கு நகரம் கண்ணில் படாமலும் காதில் விழாமலும் இருக்க வேண்டும் என்பதையே முதல் நோக்கமாக வைத்துக்கொண்டார்கள். பூங்காவைக் குறுக்காகக் கடந்தே தீர வேண்டிய நான்கு போக்குவரத்துச் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கி, அவற்றின் மேலே பாலம்போலப் புல்வெளியையும் நடைபாதையையும் கொண்டுபோனார்கள். வண்டிச் சாலைகளை வளைத்து வளைத்துப் போட்டதால் குதிரைப் பந்தயக்காரர்கள் வேகமெடுக்க முடியாமல் போனது. நடப்பவருக்கோ அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற ஆவல் மிஞ்சியது. அங்குள்ள ஏரிகள் வெட்டியவை. மரங்களில் பெரும்பாலானவை நட்டவை. பாறைகளை மட்டும் இயற்கை தந்தது; அவற்றிலும் பல வெடி வைத்து உடைத்து ஒழுங்குபடுத்தப்பட்டவை. காடு என்று நாம் நம்பி நடப்பது ஒரு பொறியியல் வேலை.

இந்த உத்திக்கு அவர்கள் முன்னோடிகளும் அல்லர். இங்கிலாந்தின் டெர்பி நகரில் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி நகர மக்களுக்காகக் கொடுத்த 11 ஏக்கர் நிலத்தில் 1840-இல் திறக்கப்பட்ட மரப்பூங்காவை வடிவமைத்தவர் ஜான் கிளாடியஸ் லவுடன். சின்ன இடம், நாலு பேர் நடந்தாலே கூட்டமாகத் தெரியும். அவர் செய்த தந்திரம் எளிமையானது. நடைபாதைகளுக்கு இடையே ஆளுயரத்துக்கு மண்மேடுகளை எழுப்பி, அவற்றின்மேல் மரங்களை நட்டார். பக்கத்துப் பாதையில் நடப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். எல்லைச் சுவரும் தெரியாது. அதனால் நடந்த தூரம் நிலத்தின் அளவைவிடப் பெரிதாகத் தோன்றும். ஒரு பூங்காவின் பெருமையை ஏக்கரில் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நகராட்சிகளின் அறிக்கைகளும் ஏக்கரில்தான் பேசுகின்றன. ஆனால் போகிறவருக்குக் கிடைக்கும் பூங்கா வேறொன்று. அவர் எந்த வாசல் வழியாக நுழைந்தார், எந்தப் பாதை அவரை எங்கே இட்டுச்சென்றது, உட்கார இடம் இருந்ததா, அந்த இடத்தில் நிழல் இருந்ததா என்பவையே அந்தப் பூங்காவின் உண்மையான அளவைத் தீர்மானிக்கின்றன.

பொதுமக்களுக்கான பூங்கா என்ற கருத்து நாம் நினைப்பதைவிடப் புதியது. பெருநகரங்களின் பழைய பூங்காக்கள் பலவும் அரசர்களின் வேட்டைக்காடுகளாகவோ அரண்மனைத் தோட்டங்களாகவோ இருந்தவை. லண்டனின் ஹைட் பார்க்கை 1637-இல் முதலாம் சார்லஸ் மன்னர் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வியன்னாவின் பிராட்டர் வேட்டைக்காடு 1766-இல் இரண்டாம் ஜோசப்பின் ஆணையால் திறக்கப்பட்டது. இவை கொடைகள். கொடுத்தவர் நினைத்தால் கதவை மீண்டும் சாத்தலாம். மக்களின் உரிமை என்ற வகையில் பூங்காவைப் பற்றிய பேச்சு எழுந்தது தொழிற்புரட்சிக்குப் பிறகுதான். ஆலைகளைச் சுற்றி நெருக்கியடித்துக் குடியேறிய தொழிலாளர்களுக்கு மூச்சுவிடத் திறந்தவெளி இல்லை என்பதை ஆராய 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அக்கறையில் சுகாதாரமும் இருந்தது, சாராயக்கடையிலிருந்து தொழிலாளியை வெளியே இழுத்துவரும் எண்ணமும் இருந்தது. குடும்பத்தோடு உலவப் போகிறவன் நல்ல உடை உடுத்துவான், ஒழுங்காக நடந்துகொள்வான் என்று மேட்டுக்குடியினர் எதிர்பார்த்தார்கள். பூங்காக்களில் இன்றுவரை நாம் காணும் ‘செய்யாதே’ பலகைகளின் பூர்வீகம் ஒருவகையில் அந்த எதிர்பார்ப்பில் இருக்கிறது.

டெர்பியிலும் முழுக் கதவு திறக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இலவசம், மற்ற நாள்களில் கட்டணம் என்ற ஏற்பாட்டுடன்தான் அது தொடங்கியது. பொதுப் பணத்தில் நிலம் வாங்கி, எல்லா நாளும் எல்லோருக்கும் இலவசம் என்ற முறையில் அமைந்த முன்னோடிப் பூங்கா, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்கென்ஹெட்டில் 1847-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் சதுப்பாகக் கிடந்த நிலத்தை வடித்து, வெட்டிய மண்ணைக் கொண்டே மேடுகளை உண்டாக்கினார். 1850-இல் அந்த ஊர் வழியாக நடந்து போய்க்கொண்டிருந்த இளைஞர் ஓம்ஸ்டெட்டிடம், புதிய பூங்காவைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று ஒரு ரொட்டிக்கடைக்காரர் வற்புறுத்தினார். அவர் போய்ப் பார்த்தார். எளிய மனிதர்களும் வசதி படைத்தவர்களும் ஒரே புல்தரையில் உலவியதை வியந்து எழுதினார். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் நியூயார்க்கில் செய்து காட்டியதற்கு விதை அங்கே விழுந்தது.

பிர்கென்ஹெட் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. பூங்காவைச் சுற்றியிருந்த மனைகளை நல்ல விலைக்கு விற்று அந்தப் பணத்தில் பூங்காச் செலவை ஈடுகட்டினார்கள். பச்சைப் புல்வெளியைப் பார்த்த வீட்டுக்கு மதிப்பு கூடும் என்ற கணக்கு அன்று முதல் பூங்காக்களின் கூடப் பிறந்ததாகிவிட்டது. பாரிஸிலும் நியூயார்க்கிலும் அதே கணக்குதான். நியூயார்க்கில் பழைய சரக்கு ரயில் மேம்பாலத்தின் மேல் 2009-இல் திறக்கப்பட்ட ஹைலைன் பூங்காவைச் சுற்றி வாடகையும் மனை விலையும் ஏறியபோது, இதைப் புதிய சிக்கல் என்று எழுதினார்கள். சிக்கல் பழையது, அதன் வேகம் மட்டுமே புதியது. யாருக்காகப் பூங்கா வருகிறதோ அவர்கள் அங்கே குடியிருக்க முடியாமல் போவது ஒரு பக்கம் என்றால், பூங்கா வருவதற்காகவே குடியிருந்தவர்களை அகற்றியது இன்னொரு பக்கம். சென்ட்ரல் பார்க் உருவான நிலத்தில் செனகா கிராமம் என்ற குடியிருப்பு இருந்தது. அங்கே வாழ்ந்த 200-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சொந்தமாக நிலமும் வீடும் தேவாலயமும் வைத்திருந்தவர்கள். அவர்கள் அனைவரும் 1857-இல் வெளியேற்றப்பட்டார்கள். அந்த இடத்தின் மேல் புல் வளர்ந்து, நூறாண்டுக்கும் மேலாக அவர்களைப் பற்றிய பேச்சே இல்லாமல் இருந்தது.

வாசலுக்கு வருவோம். ஒரு பூங்காவைச் சுற்றி வேலி இருக்கிறதா, இருந்தால் எத்தனை இடத்தில் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்பது வெறும் நிர்வாகச் செய்தி போலத் தோன்றும். 1866-இல் லண்டனில் வாக்குரிமை கேட்டுத் திரண்டவர்கள் ஹைட் பார்க்கில் கூடக் கூடாது என்று அரசு வாயில்களைப் பூட்டியது. கூட்டம் நெருக்கியதில் இரும்புக் கம்பி வேலிகள் சாய்ந்தன. ஆள்கள் உள்ளே புகுந்தார்கள். அங்கே கூடிப் பேசுவதற்குச் சட்டம் வழிவிட்டது 1872-இல். அப்படிப் பேசுவோர் கூடும் மூலை இன்றும் பேச்சாளர் மூலை என்றே வழங்குகிறது. நேரெதிராக, நியூயார்க்கிலேயே கிராமர்சி பார்க் என்ற அழகான சதுக்கம் இருக்கிறது. சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் மட்டுமே அதன் சாவி உண்டு. வெளியிலிருந்து கம்பி வேலியின் வழியே பார்க்கலாம். வரைபடத்தில் இரண்டும் ஒரே பச்சை நிறத்தில்தான் தெரியும்.

வரைபடப் பச்சையை நம்பித்தான் நகரத் திட்டமிடலாளர்களும் சில நேரம் ஏமாறுகிறார்கள். எந்த வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேர் அளவிலாவது ஒரு பசுமைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் பரிந்துரைக்கும் அளவுகோல். நல்ல அளவுகோல்தான். ஆனால் அந்த 300 மீட்டரைப் பறவை பறக்கும் கோட்டில் அளந்தால் ஒரு விடையும், மனிதர் நடக்கும் வழியில் அளந்தால் வேறொரு விடையும் கிடைக்கும். வீட்டுக்குப் பின்புறமே பூங்காவின் மதில் இருந்தாலும், வாசல் மறுகோடியில் இருந்து, இடையில் ஆறு வழிச்சாலை ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தால், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் கைத்தடி ஊன்றி வரும் முதியவருக்கும் அந்தப் பூங்கா இல்லாததற்குச் சமம். பூங்காவின் பரப்பை ஒரு சதுர அடிகூட விரிவாக்காமல், மதிலில் ஒரு புதிய வாசலைத் திறந்தாலே அதைப் பயன்படுத்தக்கூடியவர்களின் தொகை கூடிவிடும். இவ்வளவு மலிவான ஒரு சீர்திருத்தம் ஏன் இவ்வளவு அரிதாக நடக்கிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. வாசல் திறந்தால் காவலாளி வேண்டும் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

உள்ளே நுழைந்தவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதை இருக்கை முடிவு செய்கிறது. இதைப் படக்கருவியும் பொறுமையும் கொண்டு ஆராய்ந்தவர் வில்லியம் எச். வைட். 1970-களில் அவரும் அவருடைய குழுவினரும் நியூயார்க்கின் சதுக்கங்களையும் சிறு பூங்காக்களையும் நாள் முழுக்கப் படமெடுத்து, யார் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். உட்கார இடம் இருக்கும் இடத்தில் ஆள்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் முதன்மையானது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இந்தச் சாதாரண உண்மையை மறந்து கட்டப்பட்ட சதுக்கங்கள் நூற்றுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தன. அவர் கவனித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இடம் மாற்றக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருவதற்கு முன் ஆள்கள் அதைச் சற்றே நகர்த்துகிறார்கள். வெயிலுக்காகவோ நிழலுக்காகவோ நகர்த்தினால் புரிகிறது. ஆனால் பலர் இரண்டு விரற்கடை தள்ளிவிட்டு, ஏறத்தாழ பழைய இடத்திலேயே உட்காருகிறார்கள். அந்தச் சிறு அசைவில் ஓர் உரிமை இருக்கிறது. இந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன் என்கிற உரிமை. பக்கத்தில் இருப்பவருக்கு இடையூறு செய்யமாட்டேன் என்ற சொல்லாத மரியாதையும் அதில் கலந்திருக்கிறது.

சிமெண்டில் பதித்த பெஞ்சு இந்த உரிமையைத் தருவதில்லை. இரண்டு பேர் முகம் பார்த்துப் பேச அதில் திரும்பி உட்கார வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் நிற்க வேண்டும். அண்மைக் காலத்தில் பல நகரங்களில் பெஞ்சின் நடுவே இரும்புக் கைப்பிடி ஒன்றைப் பொருத்துகிறார்கள். எழுந்திருக்க முதியவர்களுக்கு உதவும் என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. அது பொய்யும் இல்லை. ஆனால் வீடற்றவர் ஒருவர் அதில் படுக்க முடியாது என்பதும் அந்தக் கைப்பிடியின் வேலைதான். பாரிஸின் லக்ஸம்பர்க் தோட்டத்தில் பச்சை வண்ணம் பூசிய தனித்தனி உலோக நாற்காலிகளை யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு காலத்தில் அங்கே நாற்காலிக்கு வாடகை வசூலிக்கப்பட்டது; இன்று கட்டணம் இல்லை. குளத்தைச் சுற்றி, மரத்தடியில், வெயிலைத் துரத்தியபடி, ஒரு நாளுக்குள் அந்த நாற்காலிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாலையில் அவை நிற்கும் நிலையைப் பார்த்தே பகலில் யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஊகித்துவிடலாம். இரண்டு நாற்காலிகள் முழங்கால் இடிக்கும் தூரத்தில் எதிரெதிராக. ஒன்று மட்டும் தள்ளி, மரத்தைப் பார்த்து. ஏழெட்டு ஒழுங்கற்ற வட்டமாக.

வைட் சொன்னதை ஏற்று ஒரு பூங்காவையே திருத்திய வரலாறும் உண்டு. நியூயார்க்கின் நடுவே, பொது நூலகத்தின் பின்புறம் இருக்கும் பிரையன்ட் பார்க் 1970-களில் போதைப்பொருள் விற்பவர்களின் கூடாரமாக இருந்தது. காவலர்களை அதிகப்படுத்துவதே தீர்வு என்று பலரும் சொன்னபோது, பூங்காவின் அமைப்பே குற்றவாளி என்று அவர் சுட்டிக்காட்டினார். தெருவைவிட உயரமான தரை, சுற்றிலும் அடர்ந்த வேலிச்செடி, குறுகிய சில வாசல்கள்: தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது, உள்ளே இருப்பவருக்கு வெளியேறும் வழி தெரியாது. 1988-இல் மூடப்பட்டு 1992-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது செடிகள் அகற்றப்பட்டிருந்தன, வாசல்கள் அகன்றிருந்தன, புல்வெளியைச் சுற்றி இடம் மாற்றக்கூடிய நாற்காலிகள் நிறைந்திருந்தன. மதிய வேளையில் அங்கே உட்கார இடம் கிடைப்பது இன்று கடினம். ஓர் இடம் நல்லவிதமாக இயங்குகிறதா என்று அறிய வைட் பார்த்த அடையாளம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: அங்கு வருபவர்களில் பெண்களின் விழுக்காடு. பெண்கள் இடத்தைத் தேர்வதில் அதிகக் கவனம் காட்டுவதால், அவர்களின் எண்ணிக்கை குறைந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று அவர் கருதினார்.

இதே பார்வையை வியன்னா நகர நிர்வாகம் இன்னும் ஆழமாகக் கொண்டுசென்றது. 1990-களில் அங்கே நடந்த ஆய்வில், ஒன்பது வயதைக் கடந்ததும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதும், சிறுவர்கள் தொடர்ந்து வருவதும் தெரியவந்தது. பூங்காக்களில் இருந்தது பெரும்பாலும் ஒற்றைப் பெரும் திடல். அதைப் பெரிய பையன்கள் பந்தோடு பிடித்துக்கொண்டால், மோதி இடம் பிடிக்க விரும்பாத சிறுமிகள் ஒதுங்கிப்போனார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை, எந்தப் பலகையும் அவர்களைத் தடுக்கவில்லை. திடலின் அமைப்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். நடைபாதைகளைக் கூட்டினார்கள், பெருந்திடலைச் செடிகொடிகளாலும் தாழ்வான தடுப்புகளாலும் சிறுசிறு வெளிகளாகப் பிரித்தார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். விளக்கு வெளிச்சம், கண்ணுக்கு மறைவில்லாத பாதை, சுத்தமான கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். கழிப்பறை இல்லாத பூங்காவில் ஆண்களுக்கு ஒரு மணி நேரமும் பெண்களுக்கு இருபது நிமிடமும் கிடைக்கின்றன என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எந்தப் பூங்காவிலும் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பார்ப்பவருக்கு மிகையாகத் தோன்றாது.

பூங்காவுக்குள் நுழைந்ததும் உடலில் படும் குளிர்ச்சியைப் பற்றியும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது. மரம் இரண்டு வழிகளில் குளிர்விக்கிறது. ஒன்று நிழல், கதிரொளி தரையையும் நம் தோலையும் சூடாக்கும் முன்பே இலைகள் அதைத் தடுத்துவிடுகின்றன. மற்றது நீராவிப்போக்கு, வேர் உறிஞ்சிய நீர் இலைத்துளைகள் வழியாக ஆவியாகும்போது சுற்றுப்புற வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. ஒரு பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை வெளியிட்டால், 68 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் அதில் கழிந்துபோகிறது. ஆனாலும் காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால், வெப்பமானியில் தெரியும் வேறுபாடு நாம் உணர்வதைவிடக் குறைவு. பல நகரங்களின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, பகலில் பூங்காக்கள் சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருப்பதாகக் கண்டது. ஒரு டிகிரிதானா என்று கேட்கத் தோன்றும். நாம் உணரும் பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் காற்றின் வெப்பநிலை மட்டும் இல்லை. மேலிருந்து வெயிலும், கீழிருந்து தார்ச்சாலையின் அனலும் நம்மேல் படாததுதான்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு செய்தி கிடைக்கிறது. பகலில் குளிர்ச்சி வேண்டுமானால் மரத்தடிக்குப் போக வேண்டும். வெறும் புல்வெளி கண்ணுக்குக் குளிர்ச்சியே தவிர உடலுக்கு அவ்வளவாக இல்லை. பொழுது சாய்ந்த பிறகு நிலைமை தலைகீழாகும். திறந்த புல்தரை தன் வெப்பத்தை நேரடியாக வானத்துக்கு வீசிவிட்டு விரைவில் குளிர்கிறது. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே அந்த வெப்பம் தங்கிவிடுகிறது. ஆக, நண்பகலுக்கு மரத்தோப்பு, இரவுக்குப் புல்வெளி. இரண்டும் ஒரே பூங்காவில் இருந்து, இரவிலும் திறந்திருந்தால் நல்லது. பெரும்பாலான பூங்காக்கள் புல்வெளி குளிரத் தொடங்கும் நேரத்தில்தான் விசில் ஊதி ஆள்களை வெளியேற்றுகின்றன.

பூங்காவையும் தாவரவியல் தோட்டத்தையும் ஒன்றாக எண்ணிப் போகிறவர்கள் பின்னதில் சற்று ஏமாற்றம் அடைவதுண்டு. அங்கே பந்து விளையாட முடியாது, நாயைக் கூட்டிவர முடியாது, சில இடங்களில் புல்லில் உட்காரவும் முடியாது. காரணம், தாவரவியல் தோட்டம் ஓய்வுக்காகப் பிறந்தது இல்லை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகம் 1545-இல் அமைத்த தோட்டம், மருத்துவ மாணவர்கள் மூலிகைகளைச் சரியாக அடையாளம் காணக் கற்பதற்காக உருவானது. அது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. 1585-இல் அங்கே நட்ட ஒரு பனையினம் இன்னும் உயிரோடு நிற்கிறது. ஐரோப்பியர்கள் கடல் கடந்து ஆண்ட காலத்தில் இத்தகைய தோட்டங்கள் பணப்பயிர்களின் நாற்றங்கால்களாக மாறின. 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. முளைத்தவை மிகச் சில. அவற்றிலிருந்து இலங்கைக்குக் கன்றுகள் போயின. 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு 22 கன்றுகள் போயின. பின்னர் அங்கே இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் அப்படித்தான் பெருகின. பால்மரம் சீவுவதற்கு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிய கதையின் ஒரு நுனி அந்த அமைதியான பூந்தோட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூர்த் தோட்டம் 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே காலை நடைக்கு வருகிறவர்களுக்கு அது பூங்காவேதான்.

தாவரவியல் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு மரத்தின் பெயர்ப்பலகையையாவது முழுமையாகப் படித்துப் பார்க்கலாம். மேலே இலத்தீன் பெயர். அதில் முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். அதன் கீழே குடும்பப் பெயர், பிறகு அம்மரம் இயற்கையாக வளரும் நாடு. ஒரு மூலையில், யாரும் கண்டுகொள்ளாத சிறிய எழுத்தில், ஓர் எண் இருக்கும். அது பதிவேட்டு எண். பல தோட்டங்களில் அதன் தொடக்க இலக்கங்கள் அந்தத் தாவரம் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த ஆண்டைக் குறிக்கும். அந்த எண்ணைக் கொண்டு, விதை எந்தக் காட்டில், யாரால், எப்போது எடுக்கப்பட்டது என்ற விவரத்தை அலுவலகத்தில் தேடி எடுக்க முடியும். பூங்கா மரத்துக்கும் தாவரவியல் தோட்ட மரத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த எண்தான். முன்னது நிழல் தரும் மரம். பின்னது நிழலும் தருகின்ற ஓர் ஆவணம்.

‘புல்லில் நடக்காதீர்’ என்ற பலகை எரிச்சலூட்டுவது இயல்பு. அதற்குப் பின்னால் சில நேரம் வெறும் அதிகாரமும், சில நேரம் உண்மையான காரணமும் இருக்கும். மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே நடந்தால் அதற்கு என்ன என்று நினைக்கிறோம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மென்வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் அரை மீட்டருக்குள்தான் பரவியிருக்கிறது. கிளைகளின் விரிவையும் தாண்டி வெகுதூரம் போகிறது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த மண் இறுகி, அதன் நுண்துளைகள் அடைபட்டு, காற்றும் நீரும் இறங்காமல் போகும்போது வேர் மூச்சுத்திணறுகிறது. மரம் உடனே சாகாது. சில ஆண்டுகளில் உச்சிக்கிளைகள் காயத் தொடங்கும். அதற்கும் மிதித்த கால்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றாது. பெரிய பழைய மரங்களைச் சுற்றிக் கம்பி கட்டுவதும், சருகைப் பெருக்காமல் அப்படியே பரப்பிவிடுவதும் இதனால்தான். சருகைக் குப்பை என்று புகார் செய்பவர்களைக் கண்டால் தோட்டக்காரர்கள் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள்.

ஆனால் நடைபாதை இருக்க, புல்லின் குறுக்கே ஆள்கள் நடந்து நடந்து ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால், அங்கே தவறு செய்தவர் பெரும்பாலும் வடிவமைத்தவர்தான். பேருந்து நிறுத்தத்துக்கோ கழிப்பறைக்கோ நேர்வழி இல்லாமல் அழகுக்காக வளைத்த பாதையை, அவசரத்தில் இருப்பவர் மதிப்பதில்லை. அறிவுள்ள நிர்வாகங்கள் அந்தத் தடத்துக்கே கல் பதித்துவிடுகின்றன. மற்றவை அங்கே ஒரு முள்வேலி போடுகின்றன. ஆறு மாதத்தில் வேலியைச் சுற்றி இன்னொரு தடம் விழுகிறது. வளைந்த பாதை உலவ வந்தவருக்கு, நேர்பாதை கடந்து போகிறவருக்கு. பெருநகரப் பூங்காவுக்கு இருவருமே வருவார்கள் என்பதை சென்ட்ரல் பார்க்கின் வடிவமைப்பாளர்கள் அன்றே கணக்கில் எடுத்திருந்தார்கள்.

உடல்நலத்துக்குப் பூங்கா நல்லது என்ற பேச்சு இப்போது மருந்துச்சீட்டு அளவுக்கு வந்துவிட்டது. ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வலுவான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆய்வுக்கு உள்ளானவர்கள் 46 பேர் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவலைக் கொண்டு 2019-இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. ஒரே மூச்சில் கழித்தாலும், பலமுறை பிரித்துக் கழித்தாலும் பயன் ஒன்றே. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்ற எதிர்வாதத்தை இந்த ஆய்வு முழுவதுமாக மறுத்துவிடவில்லை. எப்படியானாலும், எத்தனை நிமிடம் இருந்தோம் என்று கணக்கு வைத்துக்கொண்டு பூங்காவில் உட்காருவது அங்கே போன காரணத்துக்கே முரணாகப் படுகிறது.

இவை அத்தனையும் ஒருமுறை அமைத்துவிட்டால் நிலைத்துவிடுபவை அல்ல. பூங்கா திறப்பு விழாவுக்குப் பணம் கிடைப்பது எளிது, பத்தாவது ஆண்டில் உடைந்த குழாயை மாற்றக் கிடைப்பது அரிது. நியூயார்க் நகரம் 1970-களில் நிதி நெருக்கடியில் சிக்கியபோது சென்ட்ரல் பார்க் புழுதிக்காடானது. புல்வெளிகள் வெறும் மண்ணாயின, சுவர்களில் கிறுக்கல், விளக்குகள் எரியவில்லை. 1980-இல் தொடங்கிய ஒரு தனியார் அறக்கட்டளை நன்கொடை திரட்டி அதை மீட்டது. இன்று பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை அதுவே ஏற்கிறது. பணக்காரர்கள் சுற்றிக் குடியிருக்கும் பூங்காவுக்கு இது வாய்க்கும். ஏழைகள் வாழும் பகுதியின் பூங்காவுக்கு நன்கொடை தர யார் வருவார் என்ற கேள்வி அங்கேயே நியாயமாக எழுப்பப்பட்டது. அந்த அறக்கட்டளை செய்த ஒரு காரியத்துக்கு மட்டும் பெரிய பணம் தேவையில்லை. பூங்கா முழுவதையும் ஒரே கும்பலாகச் சுற்றிவந்து சுத்தம் செய்யும் பழைய முறையை விட்டுவிட்டு, அதை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். தன் பகுதியில் எந்த பெஞ்சின் பலகை ஆடுகிறது, எந்த மேட்டில் மழைநீர் மண்ணை அரிக்கிறது, எந்த மரத்தில் புதிதாகக் காளான் முளைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நாள்தோறும் அதே பெஞ்சுக்கு வருகிற முதியவரையும் அவருக்குத் தெரியும்.